பாட்டன் எழுதிய ஓலை

புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரர் முன்னால் ஒரு கிழவர் வந்து நின்று, நீ எனக்கு அடிமை என்றார். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொல்லும் இந்தக் காட்சி, கதை கேட்டு வளர்ந்த தமிழர் பலருக்கும் தெரிந்ததுதான். ஓர் அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவதும் உண்டோ என்று ஆரூரர் சிரித்ததும், கிழவரைப் பித்தன் என்று ஏசியதும், அவர் கையிலிருந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்ததும் தெரியும். ஆனால் பக்திச் சுவையில் மூழ்கி நாம் தவறவிடும் ஒன்று உண்டு: இந்தக் கதை முறைப்படி நடக்கிற ஒரு வழக்கு. கிழிபட்டது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். அங்கே அவை கூடுகிறது. நெடுநாள் அனுபவம், எழுத்து, அயலார் சாட்சி இவற்றில் எதைக் கொண்டு உன் வழக்கை நிறுவப்போகிறாய் என்று கேட்கிறது. எழுத்தைக் கொண்டு என்கிறார் அவர். திருநாவலூர் ஆரூரன், அதாவது மணமகனின் பாட்டன், தானும் தன் வழிவருவோரும் தொண்டு செய்வதாக எழுதிக்கொடுத்த ஓலை வாசிக்கப்படுகிறது. பாட்டன் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கி, எழுத்து ஒன்றே என்று கண்ட பிறகுதான் நம்பி தோற்றான் என்று தீர்ப்பாகிறது. பழைய ஆவணத்தில் தன் பாட்டனைச் சந்திக்கிற பேரனின் கதை இது. அந்த ஆவணம் பேரனுக்குப் பெருமை எதையும் தரவில்லை, நிலமோ பொன்னோ தரவில்லை. ஒரு கடனைக் கொண்டுவந்து அவன் தலைமேல் வைத்தது. பழைய பதிவுகளில் முன்னோரைத் தேடும் இன்றைய முயற்சியை எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்விக்கு நான் இந்த வழக்கிலிருந்தே விடை தேட விரும்புகிறேன்.

கடல் கடந்த தமிழர் நடுவே இந்தத் தேடல் எவ்வளவு தீவிரமாக நடக்கிறது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் நட்டால் நல்ல எடுத்துக்காட்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். வட ஆர்க்காடும் செங்கல்பட்டும் நிறையப் பேரை அனுப்பிய மாவட்டங்கள். கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு உழைக்க வேண்டும். முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியல்கள் அழியவில்லை. ஐந்தாறு தலைமுறை கடந்து அந்த நாட்டிலேயே வேரூன்றிவிட்ட பேரப்பிள்ளைகள் இன்று அந்த எண்ணைத் தேடி எடுக்கிறார்கள். எண் கிடைத்தால் ஊர் கிடைக்கும். ஊர் கிடைத்தால் ஒரு நாள் அங்கே போய் நிற்கலாம். ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை, நான் யார் என்று தெரிந்துகொள்ள என்பது. அந்த விடையில் உள்ள ஏக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதில் கிடையாது என்றும், அதைவிடக் கனமான வேறொன்று அதில் இருக்கிறது என்றும் வாதிடுவேன். நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்பதே அது.

வம்சத்தை எழுத்தால் நிரூபித்தால் ஒரு தகுதி கிடைக்கும் என்ற எண்ணம் மிகத் தொன்மையானது. பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பியவர்களின் கணக்கை விவிலியத்தின் எஸ்றா நூல் இரண்டாம் அதிகாரத்தில் தருகிறது. ஆசாரிய வம்சத்தார் என்று சொல்லிக்கொண்ட மூன்று குடும்பத்தார் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், அகப்படவில்லை. அவர்கள் ஆசாரியத்துவத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். தகுந்த ஆசாரியன் ஒருவன் தோன்றும்வரை புனித உணவை உண்ணக்கூடாது என்று ஆளுநர் சொன்னதாக அந்த நூல் குறிக்கிறது. அதே மரபிலிருந்து வந்த பவுல், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில், முடிவில்லாத வம்ச வரலாறுகளில் கவனம் செலுத்தாதே என்று எச்சரிக்கிறார். இந்திய மரபில் இதே கேள்வியைச் சாந்தோக்கிய உபநிடதம் ஒரு சிறுவனை முன்வைத்து எழுப்புகிறது. குருவிடம் போகப் புறப்பட்ட சத்தியகாமன் தன் கோத்திரம் என்ன என்று தாய் ஜபாலையிடம் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் பணிசெய்து திரிந்தபோது உன்னைப் பெற்றேன், உன் கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயரால் சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள் என்கிறாள் அவள். அவன் கௌதமரிடம் அதை அப்படியே சொல்கிறான். அவர் அவனை ஏற்றுக்கொள்கிறார். ஆவணம் இல்லாதவனுக்கு வாய்மையே ஆவணமாயிற்று என்று இந்தக் கதையை நாம் மகிழ்ந்து சொல்வது வழக்கம். நேர்மையாகப் பார்த்தால் அவ்வளவு எளிதாக மகிழ முடியாது. இப்படிப் பேச அந்தணன் அல்லாதவனால் முடியாது என்று குரு சொல்வதாகத்தான் உபநிடதம் இருக்கிறது. பிரம்ம சூத்திரத்தின் அபசூத்திராதிகரணம் இதே நிகழ்ச்சியைச் சூத்திரனுக்கு வேதக் கல்வி இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. பிறப்பைக் கடந்த கதை பிறப்பைக் காக்கும் வேலிக்குக் கல்லாகப் பயன்பட்டது. வம்சத்தைத் தகுதியாகக் கருதும் வரை, அதைக் கேட்காமல் விட்டவரின் பெருந்தன்மையும் கடைசியில் அந்தத் தகுதிக்கே சேவை செய்துவிடும் என்பதை இதிலிருந்து நான் கற்கிறேன்.

நான் யார் என்ற கேள்விக்குப் பட்டியல் விடை தராது என்பதைக் கணக்காலும் காட்டலாம். ஆறு தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 64 முன்னோர் உண்டு. பத்துத் தலைமுறைக்கு முன்னால் 1,024. முப்பது தலைமுறைக்கு இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் எண் 107 கோடியைத் தாண்டும். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஆகவே ஒரே மனிதர் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும், நம் எல்லோருடைய மரங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தாக வேண்டும். நட்டாலில் ஒருவர் தன் குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு அப்பா, அப்பாவின் அப்பா என்று ஏறிப்போய்க் கப்பலில் இறங்கிய ஒருவரைக் கண்டடைந்தால், அந்த 64 பேரில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறார். மீதி 63 பேரில் பாதிக்கு மேல் பெண்கள். குடும்ப நினைவு பெரும்பாலும் விட்டுவிட்ட பெண்கள். ஆனால் கப்பல் பட்டியலில் பெண்ணுக்கும் தனி எண் உண்டு, அவளுடைய தகப்பன் பெயரும் ஊரும் உண்டு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஏற்ற வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த விதிக்குக் கணக்குக் காட்டவே அவர்களையும் ஒவ்வொருவராக எழுதினார்கள். நோக்கம் எதுவாயினும், மகன்களை மட்டும் எண்ணும் நம் வம்சக் கொடிகளைவிட அந்த வேற்றுநாட்டுக் குமாஸ்தாவின் ஏடு இந்த ஒரு விஷயத்தில் முழுமையானது. 64 பேரின் பிள்ளை என்ற உண்மையை ஏற்றுக்கொண்டவர், அவர்களில் ஒருவரை மட்டும் காட்டி இதுதான் நான் என்று சொல்ல மாட்டார்.

அந்த ஏட்டை நம்பலாமா என்ற கேள்வி அடுத்து வருகிறது. அதை எழுதியவர் கூலி வேண்டியிருந்த அரசின் ஆள். சொன்னவர் பசியிலோ பயத்திலோ இருந்தவர். நடுவில் நின்றவர் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் தரகர். உள்ளூரில் தேடிக்கொண்டிருப்பவர்களிடமிருந்து தப்ப வேண்டியவர் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கலாம், சாதியை மாற்றிச் சொல்லியிருக்கலாம். தொடக்ககாலப் பட்டியல்களில் சாதிக்குரிய கட்டத்தில் ‘மலபார்’, ‘கிறிஸ்தவர்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். முதலாவது ஐரோப்பியர் தமிழருக்கு வைத்த பொதுப்பெயர், இரண்டாவது மதம். ஊர்ப்பெயர் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. செங்கல்பட்டே ‘சிங்கிள்புட்’ ஆன காலம் அது, சிறு கிராமங்களின் கதியைக் கேட்க வேண்டாம். கரையிறங்கிய பிறகும் பெயர்கள் நிலைக்கவில்லை. முதலி ‘மூட்லி’ ஆகவும், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆகவும், பிள்ளை ‘பில்லே’ ஆகவும் குடும்பப்பெயர்களாக உறைந்தன. அப்படி உறைந்த பட்டம் கப்பலில் வந்தவருடையதுதானா, இடையில் யாரோ ஏற்றுக்கொண்டதா என்பதை இன்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உறவையே இல்லை என்று சொல்லும் ஆற்றலும் ஏட்டுக்கு உண்டு. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, சட்டப்படி பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்றது. பல்லாயிரம் மனைவியர் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். அங்கிருந்த இந்தியரின் அறப்போராட்டத்தில் பெண்கள் சிறைக்குப் போகத் துணிந்ததற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம். அப்படிப் போனவர்களில் ஒருவரான பதினாறு வயது வள்ளியம்மை, சிறையில் நோயுற்று விடுதலையான பின் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அவரை, அவர் பார்த்தே இராத, தாயின் ஊர்ப்பெயரைச் சேர்த்துத் தில்லையாடி வள்ளியம்மை என்றே நாம் அழைக்கிறோம்.

இத்தனை பழுதுகள் உள்ள ஏட்டை ஒதுக்கிவிட வேண்டியதுதானே என்றால், திருவெண்ணெய்நல்லூர் அவையை நினைவுபடுத்துவேன். அது கிழவரின் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. ஓலை பழையது என்பதற்காக வணங்கவும் இல்லை. இரண்டாவது ஓலையைக் கேட்டது. பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, தோட்டத்துக் கணக்கு, இறப்புச் சான்று, பாட்டி சொன்ன ஊர்ப்பெயர் இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பவர் அந்த அவையின் வேலையைத்தான் செய்கிறார். பொருந்தாததைப் பொருத்திக் காட்டாமல் விடுவது அதில் பாதி. தனக்குப் பிடித்த ஊரிலோ உயர்ந்ததாகத் தோன்றும் குலத்திலோ ஒரு பெயரைக் கண்டு இதுவே என் பாட்டன் என்று முடிவுகட்டுபவர், உண்மையான பாட்டனை இரண்டாம் முறை தொலைக்கிறார். இறந்தவருக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை அவரைப் பற்றிப் பொய் சொல்லாதிருப்பது. தேடலில் காட்டும் கறாரை வெறும் ஆராய்ச்சி ஒழுக்கம் என்று சிலர் நினைக்கலாம். நான் அதை வழிபாட்டின் ஒரு பகுதியாகவே காண்கிறேன்.

இப்போது கடன் என்ற சொல்லுக்கு வருகிறேன். மனிதன் ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் முன்னோருக்கும் கடனோடு பிறக்கிறான் என்பது வேத மரபின் எண்ணம். இல்லறத்தான் பேண வேண்டியவர்களில் தென்புலத்தாரை முதலில் வைக்கிறது திருக்குறள். தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையைப் பெயர்சொல்லி வசு, ருத்திர, ஆதித்திய வடிவினராக எண்ணி எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். அதற்கு மேலே உறவு எதுவரை நீளும் என்பதற்கு மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், தீட்டைப் பற்றிப் பேசும் இடத்தில், ஓர் எல்லை சொல்கிறது. பிண்டத்தால் வரும் உறவு ஏழாம் தலைமுறையோடு நிற்கிறது. நீரால் வரும் உறவு, பிறப்பும் பெயரும் அறியப்படாமல் போகும்போது நிற்கிறது. பிறப்பால் மனிதரை மேல் கீழ் என்று பிரித்த நூல் என்பதால் மனுவை மேற்கோள் காட்டவே பலர் கூசுவார்கள். அந்தக் கூச்சம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் அந்த நூலே, அதன் மற்ற பகுதிகள் எல்லாவற்றுக்கும் எதிராக, இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறது. கடைசி எல்லையில் உறவு என்பது இரத்தத்தால் அளக்கப்படவில்லை, நினைவால் அளக்கப்படுகிறது. பெயர் மறந்தால் நீர் நிற்கும். அப்படியானால் மறந்த பெயர் திரும்பக் கிடைத்தால்? நின்ற நீர் மறுபடி ஓட வேண்டும் என்பதுதான் அதிலிருந்து வரும் முடிவு. இன்றைய அரசுகளும் தலைமுறைக் கணக்கு வைத்திருக்கின்றன. மொரீஷியஸில் வாழும் இந்திய வம்சாவளியினரில் ஏழாம் தலைமுறையினரும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறச் சிறப்பு ஏற்பாடு 2024இல் அறிவிக்கப்பட்டது. அது உரிமையின் கணக்கு, அதற்கு ஓரிடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். நினைவின் கணக்குக்கு அப்படிக் கோடு கிடையாது. கப்பல் பட்டியலின் ஒரு வரியில் பெயரைப் படித்த கணத்தில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் தூங்கிக் கிடந்த பொறுப்பு விழித்துக்கொள்கிறது.

இறந்தவருக்கு என்ன கொடுத்துவிட முடியும் என்று இங்கே ஒருவர் மறுப்பார். மறுப்பும் பழையதுதான். இராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தில் ஜாபாலி, சிரார்த்தம் சோற்றை வீணாக்குவது, செத்தவன் என்ன சாப்பிடுவான் என்று இராமனிடமே கேட்கிறார். இங்கே இட்ட சோறு மேலுலகில் உள்ளவனை எட்டும் என்றால் மாடியில் இருப்பவனுக்குக் கீழேயே பரிமாறிவிடலாமே என்று சார்வாகர் வாதிட்டதை மாதவரின் சர்வதரிசன சங்கிரகம் பதிவு செய்திருக்கிறது. மறுபிறவியை நம்புகிறவருக்குச் சிக்கல் இன்னும் கூடுதல்: பாட்டன் எங்கோ வேறு உடலில் பிறந்துவிட்டார் என்றால் நீர் யாருக்கு? தன் குலம் சாக்கியர் குலம் அன்று, புத்தர்களின் வரிசையே என்று தந்தையிடம் சொன்னவராகப் புத்தரைப் பற்றிப் பௌத்த மரபு கூறுகிறது. ஆனால் அதே புத்தர் சிகாலன் என்ற இல்லறத்தானுக்குப் பிள்ளைகளின் ஐந்து கடமைகளை எடுத்துரைக்கும்போது, இறந்த பெற்றோரை நினைந்து தானம் செய்வதையும் சேர்க்கிறார். துறவியின் குலத்தையும் இல்லறத்தானின் கடனையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. சார்வாகருக்கு என் பதில் வேறு. ஒருவரிடம் பத்திரம் இல்லாமல் கைமாற்று வாங்கினேன், அவர் வாரிசு இல்லாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திருப்பி வாங்க ஆள் இல்லை. அதனால் நான் கடன்படவே இல்லை என்று ஆகிவிடுமா? வாங்குகிறவர் இருக்கிறாரா என்பது ஐயத்துக்கு உரியதாகலாம். பட்டவன் இருக்கிறான் என்பதில் ஐயமில்லை. அந்த மனிதர் எனக்காகவா கரும்பு வெட்டினார், தன் பசிக்காகத்தானே என்றும் கேட்கலாம். உண்மைதான், அவர் எனக்கு எதையும் கொடுக்க நினைக்கவில்லை. ஆயினும் அவர் எதைத் தாங்கிப் பிழைத்திருந்தாரோ அதன் பயனில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கொடுத்தவர் நினைக்காத கொடைக்கும் நன்றி உண்டு. மழைக்கும் நெல்லுக்கும் பொங்கலிடுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கடுமையான மறுப்பு என் தொடக்கத்துக் கதையின் மேலேயே விழுகிறது. பாட்டன் கையெழுத்தால் பேரன் அடிமை என்ற தீர்ப்பை ஒரு கட்டுரை புகழலாமா? தம்மையும் தம் வழியினரையும் கோயிலுக்கு விற்றுக்கொடுத்தவர்களின் செய்தி சோழர்காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. ஆளோலை என்பது இந்த மண்ணில் உருவகம் மட்டும் அன்று, சந்தையில் செல்லுபடியான பத்திரம். நட்டால் ஒப்பந்தத்தையும் அதே வரிசையில் வைக்கலாம். வழிவழி அடிமைத்தனத்தைப் புனிதமாக்கும் எந்த வாதத்தையும் நான் ஏற்க மாட்டேன். அப்படியிருந்தும் இந்தக் கதையை விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அதன் முடிவு. வழக்கில் வென்றவரிடம் அவையோர், இந்த ஊர்க்காரர் என்கிறீரே, உமது வீடு எங்கே என்று கேட்கிறார்கள். கிழவர் அவர்களைத் திருவருட்டுறைக் கோயிலுக்கு அழைத்துப்போய் உள்ளே நுழைந்து மறைகிறார். ஓலையைக் காட்டி உரிமை கோரிய ஆண்டையைக் காணோம். அடிமை என்று தீர்ப்பான நம்பியோ தம்பிரான் தோழர் ஆகிறார், ஏசிய சொல்லையே பாட்டின் முதற்சொல்லாக்கிப் பாடத் தொடங்குகிறார். ஆண்டை இல்லாத கடன் ஒன்று உண்டு, அதை எவரும் வந்து வசூலிக்க மாட்டார், பட்டவர் தானாக உவந்து செலுத்துவது அது என்றுதான் இந்தக் கதையை நான் வாசிக்கிறேன். முன்னோர் நம்மை ஏவும் எசமானர்கள் அல்லர். அவர்கள் விரும்பிய மதத்தில் நாம் இருக்க வேண்டும், அவர்கள் மணந்த சாதியில் மணக்க வேண்டும் என்று எந்த ஏடும் கட்டளையிட முடியாது. மறுபக்கத்தில் நமக்கும் அவர்கள்மேல் ஆட்சியில்லை. இறந்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்து அவருக்காக ஞானஸ்நானம் பெறுவது மார்மன் சபையின் வழக்கம், அன்பினால்தான் செய்கிறார்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களுக்கும் அப்படிச் செய்யப்பட்டபோது யூதர்கள் வெகுண்டு எழுந்தார்கள், 1995இல் அந்த வழக்கத்தைக் கட்டுப்படுத்த உடன்பாடு ஏற்பட்டது. யூதராக இருந்ததற்காகவே கொல்லப்பட்டவரை இறந்த பிறகும் யூதராக இருக்க விடுங்கள் என்ற அந்தக் குரல் நியாயமானது.

சாதியின் பேச்சை இதற்கு மேல் ஒத்திப்போட முடியாது. நட்டாலின் தோட்டக் குடியிருப்புகளில் கலந்து வாழ்ந்து, சாதியைப் பெருமளவு உதிர்த்துவிட்ட குடும்பங்களின் கையில், பட்டியலின் ஒரு கட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஊர் தேடி வருகிறவரிடம் உங்கள் குலதெய்வம் எது என்று நாம் கேட்பதும் பல வேளைகளில் அதே கேள்விதான், உடை மட்டும் வேறு. முன்னோரைத் தேடுவதே தவறு என்று இதனால் சொல்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் யாருடைய பெயர்கள் அந்த ஏட்டில் இருக்கின்றன என்று பாருங்கள். அதே காலத்தில் ஊரிலேயே தங்கிவிட்ட நிலமற்ற கூலியின் தகப்பன் பெயரை இன்று எந்தப் பதிவேட்டில் தேடுவது? நில ஆவணங்கள் நிலம் உள்ளவனை எழுதின. ஹரித்துவாரத்துப் பண்டாக்களின் வம்ச ஏடுகள் யாத்திரை போக வழியுள்ளவனை எழுதின. உழைப்பாளியாக விலைபோனதால்தான் இந்த ஏழைகளின் பெயர், ஊர், உடல் தழும்புவரை எழுதப்பட்டன. அவர்களை ஏட்டில் ஏற்றியது அவமானம். அந்த ஏட்டைத் தவிர வேறு எந்த எழுத்திலும் அவர்கள் இல்லாமல் இருக்கலாம். சாதிக் கட்டம் நம் மனத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி அந்த ஏட்டை மூடினால், அவர்களின் ஒரே சாட்சியத்தை நாம் மூடுகிறோம். தகுதி என்பது பிறர் எனக்குத் தர வேண்டியது. கடன் என்பது நான் பிறருக்குத் தர வேண்டியது. சாதியைப் பட்டியலிலிருந்து தகுதியாக எடுத்துக்கொள்பவர் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். மேல்சாதி என்று கண்டு மகிழ்பவருக்கு நான் சொல்வது இன்னும் கடினமானது: நிலமும் ஆளும் வைத்திருந்தவர் வழியில் வந்ததாக ஓர் ஏடு காட்டினால், அந்த ஆட்களின் பிள்ளைகளுக்கும் உங்கள் கடன் நீள்கிறது.

என் இரத்தம் என்பதற்காக மட்டும் நினைப்பது தன்னலத்தின் நீட்சியல்லவா என்ற கேள்விக்கு மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் பதில் இருக்கிறது. தவசியான ஜரத்காரு காட்டில் அலையும்போது ஒரு குழியில் சிலர் ஒற்றைப் புல்வேரைப் பற்றித் தலைகீழாகத் தொங்குவதைக் காண்கிறான். அந்த வேரையும் எலி அரித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே தன் தவத்தில் நான்கில் ஒரு பங்கைத் தருகிறேன், பாதியைத் தருகிறேன், வேண்டுமானால் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். பிறகுதான் அவர்கள் தன் சொந்த முன்னோர் என்று அறிகிறான். இரக்கம் முதலில் வந்தது, உறவு பின்னால் தெரிந்தது. முன்னோரைத் தேடுவதற்கு இதைவிடச் சரியான வரிசை எனக்குத் தெரியவில்லை. பட்டியலில் தன் எண்ணுக்கு மேலும் கீழும் இருக்கிற எண்களையும் படிக்கிறவர் அந்த வரிசையில் நிற்கிறார். அதே கப்பலில் வந்து ஊர் திரும்பாமல், பிள்ளை இல்லாமல் இறந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை. தர்ப்பணத்தின் முடிவில் தாயோ தந்தையோ உறவோ இல்லாதவர்களுக்கென்று நீர் விடும் பகுதி இருப்பது எவ்வளவு ஆழமான ஏற்பாடு என்பது அந்தப் பெயர்களைப் படிக்கும்போதுதான் விளங்கும். கிறிஸ்தவராகிவிட்ட பேரன் எள்ளும் நீரும் இறைக்க வேண்டியதில்லை. தன் ஆலயத்தில் அந்தப் பெயர்களைச் சொல்லி ஒரு நிமிடம் நிற்கலாம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வழக்கத்தை நட்டாலில் இன்றும் விடாதவர்கள் அந்த நாளில் சொல்லலாம். எதையும் நம்பாதவர் தன் குழந்தைக்கு அந்தப் பெயர்களைச் சரியான உச்சரிப்பில் கற்றுக்கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் இருக்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வட ஆர்க்காட்டிலோ செங்கல்பட்டிலோ இருந்த அந்த ஊர்கள் இன்றும் இருக்கின்றன, போனவர்களின் அண்ணன் தம்பி அக்கா தங்கை வழியில் வந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். ஒரு நாள் தமிழ் பேசத் தெரியாத ஒருவர் உங்கள் தெருவில் நின்று, கையில் உள்ள தாளைக் காட்டி, திரிந்துபோன ஓர் ஊர்ப்பெயரை வாசிக்கத் தடுமாறலாம். அவருக்கு அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும், ஊரில் வயதில் மூத்தவரிடமும், கோயில் பூசாரியிடமும் அழைத்துப்போங்கள். அந்தத் தாளில் சாதிக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் படிக்காமல் கடந்து, தகப்பன் பெயர் எழுதியிருக்கும் கட்டத்தை அவரோடு சேர்ந்து உரக்கப் படியுங்கள்.